சுருள் கதவுக்கு மோட்டார் பொருந்துமா?

போடிநாயக்கனூரில் ஏலக்காய்க் கிட்டங்கி வைத்திருக்கும் அங்கத்தினர் சிலர், கையால் தூக்கும் ஷட்டர் கதவுக்குச் சுவரில் மோட்டார் பொருத்த விரும்புகின்றனர். முதலில் கதவைச் சோதித்தல் வேண்டும்.

இத்தகைய கதவின் பாரத்தைத் தாங்குவது மேலுருளையிலுள்ள சுருள்வில்லே. மோட்டார், சங்கிலி வழியே உருளையைச் சுழற்றுவதோடு சரி. ஆகவே, கீழே எவரும் நில்லாதபோது, கதவைப் பாதியளவு உயர்த்தி மெல்லப் பிடியைத் தளர்த்துக. அங்கேயே நின்றால் வில் நலம். சரிந்து இறங்கினால் வில் தளர்ந்துள்ளது. அந்நிலையில் மோட்டார் பொருத்தினால் பாரமெல்லாம் சங்கிலியின் மேலாகும். அது அறுந்தால் மூட்டை சுமந்து வருவோரின் உயிருக்கே ஆபத்து.

வில்லைத் தாமே முறுக்கலாகாது. தேர்ந்த பணியாளரை அழைத்திடுக. உருளையின் பக்கத்தில் மோட்டாருக்கு இடமும், சுவரில் உறுதியும், மின்சாரம் நின்றால் கையால் திறக்கும் வசதியும் உளவா என்றும் பார்த்துக் கொள்க.