தழும்பு வழுக்கை: எண்ணெய்க்கு முன் பயாப்சி

சீப்பு பட்டாலே உச்சந்தலை எரிகிறது, ஒரே இடத்தில் அரிக்கிறது, வகிட்டருகே காசளவு சொட்டை. வீட்டில் இதைப் புழுவெட்டு என்பார்கள். சின்ன வெங்காயம் தேய்க்கச் சொல்வார்கள். புழுவெட்டில் முடி கொட்டினாலும் மயிர்க்கால் உயிரோடிருக்கும். பலருக்குத் தானாகவே திரும்ப முளைக்கும். வெங்காயத்துக்குக் கிடைத்த நல்ல பெயரில் பாதி இப்படி வந்ததுதான். தழும்பு வழுக்கை வேறு ரகம். அழற்சி மயிர்க்காலுக்குள் புகுந்து, புதுமுடியை உண்டாக்கும் மூலச் செல்களையே அழிக்கிறது. அந்த இடத்தில் தழும்புத் திசு நிரம்பி, துளைகூடத் தெரியாமல் தோல் வழவழப்பாகிவிடும். அங்கே இனி முடி முளைக்காது.

இந்த வகையில் முக்கியமானது லைக்கன் பிளானோபைலாரிஸ். அதன் ஒரு வடிவத்தில் முன்நெற்றி முடி வரிசையே பின்னுக்குப் போகும். பெரும்பாலும் மாதவிடாய் நின்ற பெண்களுக்கு. ஆஸ்திரேலியத் தோல் மருத்துவர் ஸ்டீவன் கோசார்ட் 1994-இல்தான் இதைத் தனியாக விவரித்தார். பலருக்குப் புருவமும் மெலியும். முடி போன பட்டை, வெயில்பட்ட நெற்றியைவிட வெளிறித் தெரியும். மாநிறத்தவர் சிலருக்கு அதற்கு முன்பே முகத்தில் கருந்திட்டுகள் வரும். அதை மங்கு என்றும், நெற்றி ஏறுவதை இறுக்கிப் பின்னிய கோளாறு என்றும் ஒதுக்கிவிடுகிறோம்.

சென்னை ராஜா அண்ணாமலைபுரத்திலிருந்து தோல் மருத்துவர் தொலைவில்லை. ஆனால் மயிலாப்பூர், அடையாறு, தி.நகர் என எந்தப் பக்கம் போனாலும் ‘ஹேர் கிளினிக்’ பலகை முதலில் கண்ணில் படும். அங்கே பேக்கேஜுக்குப் பணம் கட்டுமுன் தோல் மருத்துவரிடம் பயாப்சி, அதாவது தோலில் சிறு துண்டு எடுத்துப் பார்க்கும் சோதனை, தேவையா என்று கேளுங்கள். சொட்டையின் நடுவில் எடுத்தால் பழைய தழும்பு மட்டுமே தெரியும். சிவந்து செதிலாடும் ஓரத்தில் எடுக்க வேண்டும். சென்ட்ரல் எதிரே ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையிலும் தோல் பிரிவு உண்டு.

ஸ்டீராய்டு களிம்பு, தலையில் ஊசி, டாக்சிசைக்ளின், ஹைட்ராக்சிகுளோரோகுயின் ஆகியவை வழக்கமான மருந்துகள். கடைசியாகச் சொன்னதை நீண்டகாலம் சாப்பிடுபவர் விழித்திரைப் பரிசோதனையைத் தவறவிடக் கூடாது. இவை மிச்சமிருக்கும் முடியைக் காக்கத்தான். போனதை மீட்க அல்ல. நோய் அடங்காதபோது ஹேர் டிரான்ஸ்பிளான்ட் செய்தால் நட்ட முடியும் போகும், நோயும் மேலும் கிளம்பலாம். ஓரிரு ஆண்டுகளாவது அடங்கியிருந்தால்தான் அந்தப் பேச்சே.

2016-இல் சென்னையில் டிரான்ஸ்பிளான்ட் செய்துகொண்ட மருத்துவ மாணவர் ஒருவர் இறந்தார். அந்த நிலையத்துக்கு இருந்தது சலூன் உரிமம். யூடியூப் பார்த்துக் கற்றதெல்லாம் பயிற்சியாகாது என்று 2022-இல் தேசிய மருத்துவ ஆணையமே சொல்ல வேண்டியிருந்தது! தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டப்படி கிளினிக் பதிவு பெற்றதா, கத்தி பிடிப்பவர் தோல் அல்லது பிளாஸ்டிக் சர்ஜரி படித்தவரா என்று கேட்பதில் கூச்சம் வேண்டாம். வழுக்கையைக் குணமாக்கும் என்று எந்த மருந்தும் உரிமை கொண்டாட முடியாது. மருந்து விதிகளின் ‘ஜே’ அட்டவணை அதைத் தடுக்கிறது. ஆனாலும் விளம்பரங்கள் ஓய்வதில்லை.

ஏமாற்றப்பட்டால் முதலில் சிகிச்சைப் பதிவேட்டைக் கேளுங்கள்; கேட்ட 72 மணி நேரத்துக்குள் மருத்துவர் தர வேண்டும். கட்டணம் வாங்கிய சிகிச்சை நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று 1995-இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கட்டிய தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் மாவட்ட ஆணையத்தில் மனுக்கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். வழிகாட்ட 1915 என்ற உதவி எண் உண்டு.

விக், முடித்தூள், புருவப் பென்சில் எதுவும் ஏமாற்று வேலையல்ல. கல்யாண வீட்டுக் கேள்விகளைத் தாங்க உதவும் கருவிகள். பழனியில் மொட்டை போடுவது அவரவர் நேர்ச்சை, அதனால் மட்டும் முடி அடர்த்தியாக வராது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரே வெளிச்சத்தில், ஒரே கோணத்தில் தலையைப் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அரிப்பு நின்ற பிறகும் சிலருக்குச் சத்தமில்லாமல் நோய் பரவும். மருந்தைக் குறைக்கலாமா என்று மருத்துவர் தீர்மானிக்க அந்தப் படங்கள் உதவும்.