பல்பு அணைந்த பிறகும் ஏறிய சூடு

போன வருஷம் கத்திரி வெயில். மத்தியானம் இரண்டரை மணி இருக்கும். தையல் மெஷினை விட்டு எழுந்துபோய் இன்குபேட்டரைப் பார்த்தேன். குண்டு பல்பு அணைந்திருந்தது, ஆனால் சிவப்பு எண் 39.4 காட்டியது. சூடு கொடுக்க உள்ளே எதுவும் எரியவில்லை. நான் பார்த்துக்கொண்டு நிற்கும்போதே அது 39.5 ஆனது, 39.6 ஆனது. உள்ளே 24 சிறுவிடைக் கோழி முட்டைகள், அன்றைக்குப் பதினாறாம் நாள். மூடியைத் தூக்கி அட்டையால் விசிறினேன். அந்தத் தகர ஷெட்டில் விசிறின காற்றே அனலாக இருந்தது. மாலைக்குள் 40-ஐத் தாண்டிவிட்டது. அந்தத் தடவை ஐந்து குஞ்சுதான் வெளியே வந்தது. மீதியை உடைத்துப் பார்த்தபோது இறகு முளைத்து, அலகும் நகமுமாக முழுசாக இருந்தன. அன்று ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை.

எங்கள் ஊர் கரூர் பரமத்திக்குப் பக்கம். கோடை வந்தால் வெயில் செய்தியில் அடிக்கடி பரமத்தி பேர் அடிபடும். இன்குபேட்டர் வைக்கச் சொல்லித்தந்தவர்கள் எல்லோரும் சூட்டை எப்படி ஏற்றுவது என்றே சொன்னார்கள். எப்படி இறக்குவது என்று யாரும் சொல்லவில்லை. வீட்டுப் பெட்டிக்குப் பல்பைப் போடவும் அணைக்கவும்தான் தெரியும், குளிரவைக்கத் தெரியாது. வெளியே அறை 38-ஐத் தாண்டினால் பெட்டியும் தாண்டித்தான் ஆகும். போதாததற்கு, பாதி நாள் கடந்த பிறகு வளர்ந்த கரு தானாகவே சூடு விட ஆரம்பிக்கிறது. முதல் வாரத்தில் சரியாக இருந்த பெட்டி மூன்றாம் வாரத்தில் சொன்ன பேச்சைக் கேட்காமல் போவது இதனால்தான்.

கோழி முட்டைக்கு வேண்டியது, ஃபேன் ஓடுகிற பெட்டியில் 37.5 முதல் 37.8 டிகிரி. ஃபாரன்ஹீட்டில் 100-ஐ ஒட்டி. ஃபேன் இல்லாவிட்டால் சூடு மேலே போய்த் தங்கிவிடும். அதனால் முட்டையின் மேல்மட்டத்தில் 38.5 வரை காட்ட வேண்டும். இப்படி 21 நாள்.

அந்த நஷ்டத்துக்குப் பிறகு அப்பத்தாவிடம் போய் உட்கார்ந்தேன். “கோழி நாளைக்கு ஒருக்கா எந்திரிச்சு மேயப் போறதில்லையா கண்ணு? அப்ப முட்டை ஆறத்தான செய்யும்? ஆறுனாத் தாங்கும். வேகத்தான் உடக்கூடாது” என்றார். எவ்வளவோ பேர் சொல்லித்தந்ததில் எனக்குக் கிடைக்காத விஷயம் இது. அடைக்கோழி தினமும் கால்மணி நேரம், இருபது நிமிஷம் இறங்கித் தீனி தின்றுவிட்டுத்தான் திரும்புகிறது. சூடு கொஞ்சம் குறைந்தால் பொரிக்க ஒரு நாள் தாமதமாகலாம். மூன்று டிகிரி கூடி, சில மணி நேரம் நின்றால் கரு செத்துவிடும்.

அப்பத்தா முட்டையைக் கண் இமைமேல் வைத்துச் சூடு பார்ப்பார். எகிப்தில் மண் செங்கல்லால் கட்டிய பொரிப்பு அடுப்புகளிலும் இதே வழக்கம் உண்டாம். தெர்மாமீட்டர் இல்லாமலேயே ஆயிரக்கணக்கில் முட்டைகளைப் பொரித்திருக்கிறார்கள். ரேயோமூர் என்ற பிரெஞ்சு அறிஞர் 1749-இல் எழுதிய புத்தகத்தில் அந்த அடுப்புகளைப் பற்றிச் சொல்லி, தெர்மாமீட்டர் வைத்து முட்டை பொரிக்க வழி காட்டினார். நம் இமைக்கு அந்தப் பழக்கம் இல்லை. ஆகவே தெர்மாமீட்டரை நம்ப வேண்டும், ஆனால் சோதித்த பிறகு.

நான் சோதித்த விதம் இது. டம்ளரில் வெதுவெதுப்பான தண்ணீர், அதில் காய்ச்சல் பார்க்கிற தெர்மாமீட்டரும் இன்குபேட்டரின் சென்சாரும் சேர்ந்து. காய்ச்சல் தெர்மாமீட்டர் 100 காட்டியபோது, அதாவது 37.8, என் பெட்டி 36.9 காட்டியது. கிட்டத்தட்ட ஒரு டிகிரி பொய்! நான் 37.6 என்று நம்பிக்கொண்டிருந்த நாளெல்லாம் முட்டை 38.5-இல் இருந்திருக்கிறது.

அடுத்த தப்பு தெர்மோஸ்டாட்டில். வாங்கிவந்தபடியே விட்டிருந்தேன். அதில் அணைவதற்கும் மறுபடி எரிவதற்கும் இடையே 2 டிகிரி வித்தியாசம் வைத்திருந்தார்கள். 37.6-இல் அணைந்தால் 35.6 வரை இறங்கிய பிறகுதான் எரியும். அதை 0.3-ஆகக் குறைத்தேன். ஒரு 60 வாட் பல்பை எடுத்துவிட்டு இரண்டு 25 வாட் போட்டேன். பெரிய பல்பு அணைந்த பிறகும் அதன் கண்ணாடிச் சூடு பெட்டியை ஏற்றிக்கொண்டே இருக்கும். சின்னதில் அது குறைவு. ஒன்று ஃப்யூஸ் போனாலும் இன்னொன்று காப்பாற்றும். எல்இடி பல்பு இதற்கு உதவாது, அதில் சூடு போதாது.

தெர்மாகோல் பெட்டிக்குள் இருப்பது வெறும் காற்று. மூடியைத் திறந்தால் சூடு மொத்தமும் ஓடிவிடும். அதனால் வலைத்தட்டுக்குக் கீழே நான்கு அரை லிட்டர் தண்ணீர் பாட்டில்களைப் படுக்கவைத்தேன். தண்ணீர் சீக்கிரம் சுடாது, சீக்கிரம் ஆறாது. முதலிலேயே வெதுவெதுப்பான தண்ணீராக ஊற்றி, முட்டை வைக்குமுன் ஒரு நாள் முழுக்கப் பெட்டியை வெறுமனே ஓடவிட வேண்டும்.

எனக்கு மனநிம்மதி கொடுத்தது ஒரு சின்ன மருந்து பாட்டில். அதில் தண்ணீர் நிரப்பி, ரப்பர் மூடியில் துளையிட்டு, இன்னொரு தெர்மாமீட்டரின் வயரை உள்ளே விட்டு முட்டைகளுக்கு நடுவில் வைத்தேன். பாட்டிலுக்கு வெளியே, பெட்டிக் காற்றின் சூடு 37.2, 37.9 என்று ஏறி இறங்கும். பாட்டிலுக்குள் 37.6 அசையாமல் நிற்கும். முட்டைக்குள்ளும் இருப்பது தண்ணீர் மாதிரிதானே! அதைப் பார்த்த பிறகு ராத்திரி எழுந்து எழுந்து பட்டனை அமுக்குகிற வேலையை விட்டேன். அடிக்கடி மாற்றுகிற கைதான் பெட்டியை நிலைகுலைய வைக்கிறது.

பெட்டியையும் இடம் மாற்றினேன். தகர ஷெட்டிலிருந்து, வெயில் படாத நடு அறைக்கு. ஜன்னல் பக்கமும் இல்லை, ஃபேன் காற்று நேராக அடிக்கிற இடமும் இல்லை. சித்திரை, வைகாசியில் இன்குபேட்டரில் முட்டையே வைப்பதில்லை. அந்த மாசத்தில் கோழி எது அடை உட்காருகிறதோ அதோடு சரி.

ஐப்பசியில் மறுபடி 24 வைத்தேன். ஏழாம் நாள் விளக்கை அணைத்துவிட்டு, செல்போன் டார்ச்மேல் முட்டையைப் பிடித்துப் பார்த்தேன். சிலந்தி கால் பரப்பின மாதிரி சிவப்பு நரம்புகள், நடுவில் கருப்பாக ஒரு பொட்டு. அந்தப் பொட்டு அசைந்தது. மூன்று மட்டும் கூமுட்டை. தினமும் மூன்று தடவை திருப்பிவிட்டேன், பதினெட்டாம் நாளோடு நிறுத்தினேன், கடைசி மூன்று நாள் ஈரப்பதத்துக்கான தட்டில் தண்ணீரை அதிகமாக்கி, மூடியைத் தொடவே இல்லை. பதினெட்டுக் குஞ்சு.

இப்போது தையில் மூன்றாம் தடவை ஓடுகிறது. புதன்கிழமை பராமரிப்புக்காகக் காலை 9 மணியிலிருந்து மாலை 5 மணி வரை கரண்ட் இருக்காது என்று சொல்லியிருக்கிறார்கள். அன்றைக்குப் பதினொன்றாம் நாள். காற்றுத் துளைகளை விட்டுவிட்டுப் பெட்டியைக் கம்பளியால் சுற்றப்போகிறேன். மருந்து பாட்டில் 30-க்குக் கீழே இறங்கினால் மட்டும் திறந்து, வலைத்தட்டுக்குக் கீழே இருக்கும் பாட்டில்களில் இரண்டை, கை பொறுக்கிற சூட்டில் தண்ணீர் ஊற்றி மாற்றுவேன். இல்லாவிட்டால் மூடியைத் தொடப்போவதில்லை. அப்பத்தாவிடமும் சொல்லிவிட்டேன்.