மே முதலில், பிப்ரவரி பின்னால்

பத்திரத்தில் ஒரு குடும்பம் – 11

ஜான்சன் குடும்பத்தை இந்த வாரம் மேரிலாந்துக்குக் குடி பெயர்ப்பதாகச் சொல்லியிருந்தேன். மூட்டை முடிச்சோடு அவர்கள் இன்னும் கொஞ்சம் வர்ஜீனியாவிலேயே இருக்கட்டும். ஒரு தேதி வந்து வழிமறித்துக்கொண்டது. ஆசிரியரிடமிருந்து போன் வந்தபடி இருக்கிறது. தேதி விடமாட்டேன் என்கிறது.

புதிதாக வந்து சேர்ந்தவர்களுக்கு மட்டும்: ஆன்டனி ஜான்சன், 1621ல் 'ஜேம்ஸ்' கப்பலில் வர்ஜீனியாவுக்குக் கொண்டுவரப்பட்ட 'ஆன்டோனியோ என்ற நீக்ரோ'. பிறகு விடுதலை பெற்று நிலபுலன் சேர்த்தவர். மேரி அவர் மனைவி. மீதிக்குப் பழைய இதழ்கள் இருக்கின்றன.

தேதிக்கு வருவோம். ஜான்சன் வீட்டில் தீப்பிடித்துப் பெரும் சேதம். அவர் வரிச்சலுகை கேட்டு நார்தாம்ப்டன் கவுண்டி நீதிமன்றத்துக்குப் போகிறார். நீதிமன்றம் இரங்கி உத்தரவிடுகிறது. குமாஸ்தா அதன் தலையில் எழுதிய தேதி 1652 பிப்ரவரி 28. இன்னொரு பக்கம், மூத்தவன் ஜான் ஜான்சனின் பெயரில் 550 ஏக்கருக்கு ஒரு பட்டா இருக்கிறது. அதன் தேதி 1652 மே. இரண்டையும் வரிசையாக வைத்தால் அருமையான கதை கிடைக்கிறது: மாசியில் வீடு எரிந்தது, குடும்பம் துவண்டுவிடவில்லை, மூன்றே மாதத்தில் மகன் தலையெடுத்து 550 ஏக்கர் வாங்கிவிட்டான். கேட்கவே நெஞ்சு நிமிர்கிறது. ஆனால் நடந்தது அப்படியில்லை.

அன்றைய இங்கிலாந்துச் சட்டப்படி புத்தாண்டு ஜனவரி 1 அல்ல, மார்ச் 25. தேவதூதர் மரியாளுக்கு மங்கள வார்த்தை சொன்ன திருநாள் அது. காலனிகளிலும் அதே கணக்கு. எனவே 1652ஆம் ஆண்டு மார்ச் 25ல் பிறந்து, ஏப்ரல், மே என்று நடந்து, டிசம்பரையும் தாண்டி, அடுத்த மார்ச் 24ல்தான் முடிகிறது. நம் கணக்கில் மாசி ஆண்டுக் கடைசியில் வருகிற மாதிரி, அவர்களுக்குப் பிப்ரவரி ஆண்டுக் கடைசி. 1652 மே முதலில், 1652 பிப்ரவரி அதற்கு ஒன்பது மாதம் பின்னால்! நம் கணக்கில் அது 1653 பிப்ரவரி. மகன் நிலம் வாங்கியது தீக்கு முன்னால். எரிந்து எழுந்த குடும்பத்தின் கதை இல்லை இது. நன்றாக எழுந்து நின்ற குடும்பத்தில் தீ விழுந்த கதை.

இந்த ஒரு விஷயத்தை வைத்துக்கொண்டு வாரம் முழுக்கப் பார்க்கிறவர்களையெல்லாம் பிடித்துச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். மன்னர் முதலாம் சார்லஸின் தலை கொய்யப்பட்டது 1649 ஜனவரி 30 என்று பள்ளிப் புத்தகம் சொல்லும். அன்று லண்டனில் இருந்தவன் 1648 என்றுதான் எழுதியிருப்பான். இதே வர்ஜீனியாவில் பிறந்த ஜார்ஜ் வாஷிங்டனின் பிறந்த நாள் பழைய கணக்கில் 1731 பிப்ரவரி 11, இன்று கொண்டாடுவது 1732 பிப்ரவரி 22. ஒரு மனிதருக்கு நாளும் மாறி, ஆண்டும் மாறிவிட்டது. காரணம், 1752ல் பிரிட்டன் பஞ்சாங்கத்தைத் திருத்தியது. செப்டம்பர் 2க்கு மறுநாள் செப்டம்பர் 14. புத்தாண்டை ஜனவரிக்கு இழுத்ததில் அதற்கு முந்தைய 1751, மார்ச் 25ல் பிறந்து டிசம்பர் 31லேயே முடிந்து, 282 நாளில் ஆயுள் போன ஆண்டாகிவிட்டது. பிரிட்டனில் வருமான வரி ஆண்டு இன்றும் ஏப்ரல் 6ல் தொடங்குவது அந்த மார்ச் 25ன் மிச்சம்தான். விவரம் தெரிந்த குமாஸ்தாக்கள் 1652/3 என்று இரண்டு ஆண்டையும் சேர்த்து எழுதினார்கள். நம்மவர் அந்த ரகம் இல்லை.

சரி, உத்தரவுக்குள் போகலாம். அது இன்றும் படிக்கக் கிடைப்பதே அதிசயம். அமெரிக்க உள்நாட்டுப் போரில் வர்ஜீனியாவின் பல கவுண்டிகளில் கச்சேரி ஏடுகள் சாம்பலாயின. செசபீக் விரிகுடாவின் கிழக்குக் கரையில், ஈஸ்ட்வில் என்ற சிற்றூரில் இருக்கும் நார்தாம்ப்டன் ஏடுகள் மட்டும் 1632லிருந்து விட்டுப்போகாமல் தொடர்கின்றன. அமெரிக்காவில் இடையறாத நீதிமன்ற ஏடுகளில் இவையே மிகப் பழையவை.

ஜான்சன் தம்பதி முப்பது ஆண்டுக்கு மேல் இந்தக் காலனியில் குடியிருப்பவர்கள், அவர்களுடைய கடும் உழைப்பு ஊரறிந்தது என்று ஒப்புக்கொண்டு, மேரிக்கும் இரண்டு மகள்களுக்கும் ஆயுள் முழுக்கத் தலைவரி தள்ளுபடி என்கிறது உத்தரவு. மேரிக்கும் மகள்களுக்கும் என்பதைக் கவனியுங்கள். ஆன்டனிக்கு இல்லை, பையன்களுக்கும் இல்லை. 16 வயதுக்கு மேற்பட்ட எல்லா ஆண்களுக்கும் தலைவரி உண்டு, அதைப் புகையிலையாகக் கட்ட வேண்டும். வீட்டோடு இருக்கும் ஆங்கிலேயப் பெண்களுக்கு வரி கிடையாது. ஆனால் 1643ல் வர்ஜீனியா சட்டசபை ஆப்பிரிக்கப் பெண்களுக்கும் தலைவரி போட்டது. வேலை செய்யும் கை என்று அவர்களைக் கணக்கெடுத்த சட்டம் அது; தோலைப் பார்த்துப் பிரித்த முதல் சட்டங்களில் ஒன்று. ஆக, இந்தத் தள்ளுபடி செய்த காரியம் ஒன்றுதான்: மூன்று கறுப்பினப் பெண்களை வரி விஷயத்தில் பக்கத்து வீட்டு ஆங்கிலேயப் பெண்களுக்குச் சமமாக நிறுத்தியது. தீ விபத்து வராமல் இருந்திருந்தால் அதுவும் கிடைத்திருக்காது.

இங்கே இன்னொன்றும் இருக்கிறது. இரண்டு மகள்கள் என்று எழுதிய குமாஸ்தா அவர்கள் பெயரை எழுதவில்லை. வரி கட்ட வேண்டாதவர்களுக்குப் பெயர் எதற்கு? மகன்களின் பெயர் தெரிகிறது என்றால், அவர்கள் நிலம் வாங்கினார்கள். மகள்கள் இருந்தார்கள் என்று தெரிகிறது என்றால், வரி தள்ளுபடியானது. அவர்களில் ஒருத்திக்குக் கல்யாணமானது எப்படித் தெரியும்? ஒரு வழக்கில் மாப்பிள்ளை வந்து மாமனாருக்கு யோசனை சொல்கிறார். இந்தக் குடும்ப மரத்தின் ஒவ்வொரு கிளையும் வேறு எதற்காகவோ எழுதிய காகிதத்திலிருந்து உதிர்ந்ததுதான். யாரும் குடும்பத்தை எழுதவில்லை. வரி, நிலம், மாடு இவற்றை எழுதினார்கள். குடும்பம் ஓரமாக ஒட்டிக்கொண்டு வந்தது.

நிலத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் போக முடியாது. வர்ஜீனியாவில் ஓர் ஆளின் கப்பல் செலவைக் கொடுத்து வரவழைத்தவருக்குத் தலைக்கு 50 ஏக்கர். 1618லிருந்து இந்த ஏற்பாடு. கவுண்டி நீதிமன்றத்தில் அத்தனை தலைக்குச் சான்று வாங்கி, தலைநகரில் காட்டி, அளந்து, பட்டா பெற வேண்டும். ஆண்டுக்கு 50 ஏக்கருக்கு ஒரு ஷில்லிங் நிலவரி. மூன்று ஆண்டுக்குள் வீடு கட்டிப் பயிர் வைக்காவிட்டால் பட்டா செல்லாது. 1651 ஜூலையில் ஆன்டனிக்குக் கிடைத்த 250 ஏக்கர் பட்டாவில் ஐந்து தலைகள்: தாமஸ் பெம்ரோஸ், பீட்டர் பக்பி, ஆன்டனி கிரிப்ஸ், ஜான் கெசொரோரோ, ரிச்சர்ட் ஜான்சன். மகன் ஜானுக்கு 11 தலைகள், 550 ஏக்கர். இளையவன் ரிச்சர்டுக்கு 1654ல் இரண்டு தலைகள், 100 ஏக்கர். கூட்டினால் 900 ஏக்கர்.

இவர்கள் எல்லோரையும் ஜான்சன்கள் கையைப் பிடித்துக் கப்பலேற்றி வந்தார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். தலைச் சான்று கைமாறும் சரக்கு. கப்பல் கேப்டன்கள் தங்கள் மாலுமிகளையே குடியேறிகளாகக் காட்டிச் சான்று வாங்கி விற்றார்கள். ஒரே தலைக்கு இரண்டு பேர் நிலம் வாங்கியதும் உண்டு. பட்டாவில் பெயர் இருக்கிறது என்பதால் அந்த ஆண்டு அந்த ஆள் வந்திறங்கினார் என்று எழுதுகிற வம்சாவளிக்காரர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள். ஐந்தாவது தலையைப் பாருங்கள்: ரிச்சர்ட் ஜான்சன், மகனின் பெயரேதான்.

பெயர் ஒன்றாக இருப்பதால் வரும் தலைவலி இந்த ஏடுகளில் ஏராளம். அதே கவுண்டியில் ஆன்டனி லாங்கோ என்று இன்னொரு சுதந்திரக் கறுப்பினர் இருந்தார். ஏடுகளில் வெறுமனே 'ஆன்டனி என்ற நீக்ரோ' என்று வரும் இடங்களில் அது எந்த ஆன்டனி என்று ஆய்வாளர்கள் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். லாங்கோவின் குணம் மட்டும் நமக்கு நன்றாகத் தெரியும். 1650களில் ஒரு நாள் நீதிமன்றச் சம்மனோடு ஆள் போகிறார். களத்தில் சோளம் கிடக்கிறது, உன் சம்மனும் ஆச்சு நீயும் ஆச்சு என்று, இங்கே அச்சிட முடியாத ஒரு சொல்லையும் சேர்த்து விரட்டியடிக்கிறார் லாங்கோ. அந்தச் சொல் அப்படியே ஏட்டில் ஏறியிருக்கிறது. சாட்சி சொன்னவர் விடவில்லை, குமாஸ்தாவும் விடவில்லை.

மாப்பிள்ளை வரும் வழக்கு மட்டும் இப்படிச் சிரித்துவிட்டுப் போகிற மாதிரி இல்லை. 1654 நவம்பரில் கேப்டன் சாமுவேல் கோல்ட்ஸ்மித் ஜான்சன் வீட்டுக்கு வருகிறார். அங்கே வேலை செய்யும் ஜான் கேசர் என்ற கறுப்பினர் அவரிடம் முறையிடுகிறார்: ஏழெட்டு ஆண்டு ஒப்பந்தத்துக்குத்தான் வந்தேன், அதற்கு மேலும் ஏழு ஆண்டு என்னைப் பிடித்து வைத்திருக்கிறார். ஒப்பந்தம் எதையும் நான் பார்த்ததில்லை, ஆயுளுக்கும் இவன் என் ஆள் என்கிறார் ஜான்சன். பக்கத்துத் தோட்டக்காரர்கள் ராபர்ட் பார்க்கரும் ஜார்ஜ் பார்க்கரும் கேசருக்காகப் பேசுகிறார்கள். கேசரை விடாவிட்டால் வழக்கில் தன் மாடுகள் போகும் என்ற பயம் ஜான்சனைப் பிடிக்கிறது. மனைவி, மகன்கள், மாப்பிள்ளை எல்லோரும் விட்டுவிடச் சொல்கிறார்கள். விட்டுவிடுகிறார். கேசர் ராபர்ட் பார்க்கரிடம் வேலைக்குப் போகிறார். பிறகு ஜான்சனுக்கு மனம் மாறுகிறது, நீதிமன்றத்துக்குப் போகிறார். 1655 மார்ச்சில் வந்த தீர்ப்பு: கேசர் ஜான்சனிடமே திரும்ப வேண்டும், வழக்குச் செலவு ராபர்ட் பார்க்கர் தலையில். குற்றம் எதுவும் செய்யாத ஒருவரை இன்னொருவரின் ஆயுள் உடைமை என்று ஒப்புக்கொண்ட மிகப் பழைய சிவில் தீர்ப்புகளில் ஒன்று இது. அதைக் கேட்டு வாங்கியவர், தாமே கப்பலில் விற்பனைச் சரக்காக வந்திறங்கியவர். தீ விபத்துக்கு இரங்கிய அதே நீதிமன்றம், இரண்டே ஆண்டு இடைவெளி. தேதியைச் சரியாகப் போட்டால்தான் அந்த இரண்டு ஆண்டும் தெரிகிறது.

தோற்ற பார்க்கரின் பெயரைத்தான் வாசகர்கள் குறித்துக்கொள்ள வேண்டும் என்று நினைப்பீர்கள். இல்லை, மற்றவரின் பெயரை. 1665ல் குடும்பம் மேரிலாந்துக்குப் போகும்போது ஆன்டனி 50 ஏக்கரை ரிச்சர்டுக்கு விட்டுப் போகிறார். 1670ல் வர்ஜீனியாவில் ஒரு ஜூரி கூடி, ஆன்டனி நீக்ரோ, ஆகவே அந்நியர், ஆகவே அவர் நிலம் மன்னருக்கே சேரும் என்று சொல்கிறது. ரிச்சர்ட் மனைவி மக்களோடு குடியிருந்த அந்த 50 ஏக்கர் கடைசியில் போய்ச் சேர்ந்த பணக்கார அண்டை வீட்டுக்காரரின் பெயர், ஜார்ஜ் பார்க்கர்.

அடுத்த வாரம் அவரைக் கூண்டில் ஏற்றுவோம். மேரிலாந்தும், பேரன் 1677ல் அங்கே வாங்கி 'அங்கோலா' என்று பெயர் வைத்த 44 ஏக்கரும், பார்க்கர் இடம் விட்டால்.