கொழுந்துக் கணக்கைத் திருப்பிப் போடுவோமா?

லுணுகலைத் தோட்டத்துக் கெட்டிக்காரப் பிள்ளைகளே! மடுவத்தில் கொழுந்து நிறுக்கும்போது தராசையே எட்டிப் பார்ப்பீர்களே, உங்களுக்கு ஏற்ற கணக்கு ஒன்று இருக்கிறது.

எக்செல் விரிதாளில் குறுக்கே போவது நிரை. மேலிருந்து கீழே இறங்குவது நிரல். அம்மாவின் நிரையில் திங்கள் 18 கிலோ, செவ்வாய் 20, புதன் 16 என்று வைத்துக்கொள்வோம். அடுத்த நிரையில் அத்தைக்கு 14, 17, 19. அதற்கும் கீழே சித்திக்கு 21, 15, 22.

இப்போது நாட்கள் நிரைகளாக வேண்டும், பெயர்கள் மேலே போக வேண்டும். மறுபடி தட்டச்சு செய்யலாமா? ஒன்பது எண் என்றால் செய்யலாம். தோட்டம் முழுவதின் ஒரு மாதக் கணக்கு என்றால் விரலும் வலிக்கும், பிழையும் வரும்.

தலைப்புகளோடு அட்டவணை முழுவதையும் தெரிவுசெய்து கொப்பி பண்ணுங்கள். வேறொரு வெற்றிடத்தில் மவுசின் வலது பொத்தானை அழுத்துங்கள். ‘பேஸ்ட் ஸ்பெஷல்’ என்பதைத் திறந்து, ‘ட்ரான்ஸ்போஸ்’ பெட்டியில் சரி போட்டு ஓகே கொடுங்கள். அவ்வளவுதான்!

உள்ளே என்ன நடந்தது? சதுரத்தாளில் ஒன்பது கட்டம் வரைந்து அந்த எண்களை எழுதுங்கள். இடப்பக்க மேல் மூலையிலிருந்து வலப்பக்கக் கீழ் மூலை வரை மடிப்பு விழும்படி தாளை மடியுங்கள். அம்மாவின் 16 எதன்மேல் விழுகிறது? சித்தியின் 21 மேல்! அந்த இரண்டும் இடம் மாறும். அப்படியே 20உம் 14உம், 19உம் 15உம் மாறும். மடிப்பின் மேலேயே இருக்கும் 18, 17, 22 அசையாது. விளங்கிற்றா? இன்னொரு தடவை மடித்துப் பாருங்கள். எண் கட்டங்களை இப்படித் திருப்புவதைப் பற்றி ஆர்தர் கெய்லி என்ற இங்கிலாந்துக் கணித அறிஞர் 1858இலேயே எழுதிவிட்டார்.

நாட்கள் கீழ்நோக்கி வளர்வதே நல்லது என்பேன். எக்செல் தாளில் 1,048,576 நிரைகள் உண்டு, நிரல்கள் 16,384தான். ‘ஃபில்டர்’ வசதியும் நிரைகளைத்தான் மறைத்துக் காட்டும். ஊவாத் தேயிலைக்குத் தனி வாசம் ஏறும் ஜூலை முதல் செப்டெம்பர் வரையான கணக்கை மட்டும் பார்க்க ஆசையா? நாட்கள் நிரைகளாக இருந்தால் நொடியில் பார்க்கலாம்.

ஒன்றை மறக்காதீர்கள், செல்வங்களே. ஒட்டிய அட்டவணை தனிப் பிரதி. பழையதில் அம்மாவின் 16ஐ 18 என்று திருத்தினாலும் புதியதில் 16தான் நிற்கும். இரண்டும் சேர்ந்தே மாற வேண்டுமென்றால், ஒட்டுவதை விட்டுவிட்டு ‘ட்ரான்ஸ்போஸ்’ என்ற அதே பெயரிலுள்ள சூத்திரத்தைப் பயன்படுத்துங்கள்.