பண்டில் கொண்டுவர்ற கன்டென்ட் எங்க இறங்கணும்?

இன்னைக்கு அப்பாச்சி ஸ்லிங்ல ஒரே ஒரு வரியைப் பத்திப் பேசப் போறேன். அடோபி ஏ.இ.எம். ஸ்லிங் மேலதான் ஓடுது. அதனால அங்க வேலை பாக்குறவங்களுக்கும் இது உதவும்.

ஸ்லிங்ல மாட்யூலுக்குப் பேர் பண்டில். அது ஒரு ஜார் ஃபைல். ஜாவா கோடோட சேர்த்து, ஆரம்பத்துல தேவைப்படுற பக்கங்கள், ஸ்கிரிப்ட்கள், படங்களையும் அதுக்குள்ள வெச்சு அனுப்பலாம். இன்ஸ்டால் ஆனதும் கன்டென்ட் லோடர் அதையெல்லாம் எடுத்து ரெப்பாசிட்டரியில் போட்டுடும்.

எங்க போடணும்? மேனிஃபெஸ்ட்ல இருக்கிற 'ஸ்லிங் இனிஷியல் கன்டென்ட்' வரிதான் அதைச் சொல்லுது. முதல்ல ஜாருக்குள்ள இருக்கிற ஃபோல்டர் பேர். பிறகு, செமிகோலன் போட்டு டைரக்டிவ்கள். அதுல முக்கியமானவை மூணு.

'பாத்': ரெப்பாசிட்டரியில் இறங்க வேண்டிய இடம். எழுதலைன்னா நேரா ரூட்.

'ஓவர்ரைட்': ஏற்கெனவே இருக்கிறதை மாத்தலாமா? சொல்லலைன்னா ஃபால்ஸ்.

'அன்இன்ஸ்டால்': பண்டிலை எடுத்தா கன்டென்ட்டும் போகணுமா? சொல்லலைன்னா ஓவர்ரைட்டுக்கு என்ன மதிப்போ, அதுவே இதுக்கும்.

ஆபத்து இந்த மூணும் சேருற இடத்துல இருக்கு. ஜாருக்குள்ள 'ஆப்ஸ்'னு ஒரு ஃபோல்டர், அதுக்குள்ள உங்க 'ஷாப்'. பாத் எழுதலை, ஆனா ஓவர்ரைட் ட்ரூ. லோடர் என்ன பண்ணும்? ரூட்ல ஏற்கெனவே இருக்கிற ஆப்ஸை அப்படியே அழிச்சுட்டுப் புதுசா போடும். உள்ள இருந்த பக்கத்து டீமோட ஸ்கிரிப்ட்களும் சேர்ந்து போயிடும்! அதனால, பாத்லயே 'ஆப்ஸுக்குக் கீழ ஷாப்'னு முழுசா எழுதுங்க. ஜார்ல ஷாப்புக்கு உள்ள வர்றதை மட்டும் வைங்க. அப்போ அழியறதும் உங்க எல்லைக்குள்ளயே நிக்கும்.

அடுத்தது, எல்லாத்தையும் ஒரே ஃபோல்டர்ல கொட்டாதீங்க. ஸ்கிரிப்ட் டெவலப்பரோடது, புது வெர்ஷன் வந்தா பழசு போகணும், அதனால ட்ரூ. முகப்புப் பக்கம் அப்படியில்லை. முதல் நாள் நாம போட்டாலும், மறுநாள்லருந்து அது எடிட்டரோடது. அங்க ட்ரூ வெச்சா, அடுத்த அப்டேட்ல அவங்க மாசக்கணக்கா எழுதினது காணாமப் போயிடும். அதுக்கு ஃபால்ஸ்தான் சரி. ஒரே வரியில் கமா போட்டு ரெண்டு ஃபோல்டரையும் தனித்தனியா குறிப்பிடலாம்.

மேனிஃபெஸ்ட்ல கை வைக்கிறதுக்கு முன்னாடி ஒவ்வொரு ஃபோல்டருக்கும் நான் கேட்டுக்கிற கேள்வி ஒண்ணுதான்: நாளைக்கு இதை மாத்தப்போறது யாரு?