துருசு வழிப் பாயும் நீரும் பங்கீட்டு நீதியும்

சிறுபோக காலத்தில் குளத்து நீரைப் பங்கிடுவதில் எழும் பிணக்குகள் நமது விவசாயக் கிராமங்களுக்குப் புதியனவல்ல. துருசு திறந்திருக்கும் நேரத்தையே பங்கின் அளவாகக் கொள்ளும் வழக்கம் உண்டு. ஒரு பகுதியினருக்கு 12 மணித்தியாலம். மற்றப் பகுதியினருக்கும் 12 மணித்தியாலம். சமத்துவமாகத் தோன்றும் இம்முறை உண்மையில் சமமானதுதானா என்பதைப் பௌதிகத்தின் துணைகொண்டு நோக்குவோம்.

இத்தாலிய அறிஞர் தொரிசெல்லி 1644 இல் வெளியிட்ட விதி இதற்கு விடை தருகின்றது. துவாரமொன்றினூடாக வெளியேறும் நீரின் வேகம், நீர்மட்டத்திலிருந்து அத்துவாரம் வரையுள்ள உயரத்தினூடாகத் தடையின்றி விழும் பொருள் பெறும் வேகத்துக்குச் சமமாகும். நீர் இழக்கும் நிலைச் சக்தியே அதன் இயக்கச் சக்தியாக மாறுகின்றது. எனவே வேகமானது உயரத்தின் வர்க்கமூலத்துக்கு விகிதசமமாகும். உயரம் 4 மீற்றராயின் வேகம் செக்கனுக்கு 8.85 மீற்றர், 1 மீற்றராயின் 4.43 மீற்றர். உயரம் காற்பங்காகும்போது வேகம் அரைப்பங்காகின்றது.

வேகத்தைத் துவாரத்தின் பரப்பால் பெருக்கினால் பாயும் நீரின் அளவு கிடைக்கவேண்டும். ஆயினும் கூரிய விளிம்புடைய துவாரத்தைக் கடந்ததும் நீர்த்தாரை ஒடுங்குவதால், உண்மையில் வெளியேறுவது அப்பெருக்கத்தின் ஏறத்தாழ 0.6 மடங்கேயாகும். 0.1 சதுர மீற்றர் பரப்புடைய துவாரத்தினூடாக, 4 மீற்றர் உயரத்தில் செக்கனுக்கு 531 இலீற்றரும், 1 மீற்றர் உயரத்தில் 266 இலீற்றரும் பாயும். நீண்ட குழாய் கொண்ட துருசுகளில் உராய்வும் சேர்வதால் இக்குணகத்தை அளந்தே அறிதல் வேண்டும். துவாரத்தின் வெளிப்புறமும் நீரில் மூழ்கியிருப்பின், இரு மட்டங்களுக்கிடையிலான வேறுபாட்டையே உயரமாகக் கொள்ளல் வேண்டும்.

இதன் சமூக விளைவு தெளிவானது. குளம் நிறைந்திருக்கையில் முறை பெற்றவரும், மட்டம் இறங்கியபின் முறை பெற்றவரும் ஒரே நேர அளவில் ஒரே அளவு நீரைப் பெறுவதில்லை. பிந்தியவர் வாய்க்காலின் கடைக்கோடியில் உள்ளவராயின், வழியிற் கசியும் நீரையும் சேர்த்தே இழக்கின்றார். அவரது முறைப்பாட்டைப் பொறாமையென ஒதுக்குவது அறிவுக்குப் பொருந்தாது.

பரிகாரம் கடினமானதன்று. திறப்பை மாற்றாதுவிடின், மட்டம் 4 மீற்றரிலிருந்து 3 மீற்றராகும்போது 12 மணித்தியாலத்துக்கு ஈடான நேரம் ஏறத்தாழ 14 மணித்தியாலமாகும். 1 மீற்றராகும்போது 24 மணித்தியாலமாகும். துருசருகே ஓர் அளவுகோலும், மட்டத்துக்கேற்ற நேரத்தைக் காட்டும் அட்டவணையும் இருப்பின் எவரும் இதனைச் சரிபார்க்கலாம். அணைக்கட்டினுள் பிசோகொட்டுவ என்னும் கிணறு போன்ற அமைப்பை அமைத்து, ஆழ்நீரின் வெளியேற்றத்தை ஆண்ட பண்டைய பொறியியலாளர் வாழ்ந்த நாட்டில், நேரத்தை மட்டும் எண்ணி நீரை எண்ணாதிருப்பது நமக்கு அழகன்று.