தக்கை சிறிது, பொறுப்பு பெரிது

"அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது" என்பது நம் முன்னோர் வாக்கு. தேருக்கு அச்சாணி எப்படியோ, தரையிலும் தண்ணீரிலும் ஓடும் வாகனத்திற்கு அதன் அடியில் இருக்கும் டிரெய்ன் பிளக் அப்படி. இரும்புக்கடை, பைப் பிட்டிங், மோட்டார் உதிரிபாகத் தொழிலில் உள்ள நமது உறுப்பினர்கள் இந்தச் சிறு பொருளைப் பற்றி அறிந்து வைத்திருப்பது நல்லது.

சங்கரன்கோவில் வறண்ட பூமியாயிற்றே, இங்கே இதற்கு என்ன வேலை என்று சிலர் கேட்கலாம். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 90 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியதையும், தாமிரபரணிக் கரை ஊர்கள் பட்ட பாட்டையும் நாம் மறக்க முடியாது. 2025 ஆகஸ்டில் பஞ்சாபில் அமிர்தசரஸ் பகுதி வெள்ளத்தில் சிக்கியவர்களை மீட்க நமது ராணுவம் 'ஆட்டார் என்1200' என்னும் நீர்நில வாகனத்தை இறக்கியது. இப்படிப்பட்ட வாகனமோ, லாரியில் ஏற்றி வரும் பைபர் படகோ ஒரு நாள் நம் பக்கமும் வரலாம். தக்கை தொலைந்துபோனால் ஆட்கள் ஓடி வருவது அருகிலுள்ள நமது கடைகளுக்குத்தான்.

நீர்நில வாகனத்தின் அடிப்பகுதி ஒரு தொட்டி போன்றது. சக்கரம் தெறிக்கும் நீர், மழைநீர், சேறு எல்லாம் அதற்குள் சேரும். கரையேறியதும் அதை வெளியேற்றத்தான் அடியில் துவாரம் வைத்திருக்கிறார்கள். ஜெர்மனியில் 1961 முதல் 1965 வரை தயாரான 'ஆம்பிகார்' என்னும் நீந்தும் காரிலும் இந்தத் தக்கை உண்டு. கரையில் திறக்க வேண்டும். தண்ணீரில் இறங்கும் முன் மூட வேண்டும். நீர்மட்டத்திற்கு ஓர் அடி கீழே அரை இஞ்சு துவாரம் திறந்திருந்தால் நிமிடத்திற்குச் சுமார் 10 லிட்டர் தண்ணீர் உள்ளே வரும். பத்து நிமிடத்தில் 100 கிலோ கூடுதல் பாரம். ஒரு இஞ்சு துவாரமானால் இதைப்போல் நான்கு மடங்கு.

ஆகவே தேர்வு செய்யும்போது முதலில் பார்க்க வேண்டியது மரை. நம் கடைகளில் உள்ள பைப் பிட்டிங் எல்லாம் பெரும்பாலும் பி.எஸ்.பி. மரை. அமெரிக்கா, கனடா வாகனங்களில் என்.பி.டி. மரை வரலாம். அரை இஞ்சு, முக்கால் இஞ்சு அளவுகளில் இரண்டுக்குமே இஞ்சுக்கு 14 மரைதான். அதனால் ஒன்றில் மற்றொன்று இரண்டு மூன்று சுற்று நன்றாகவே ஏறும். ஆனால் பி.எஸ்.பி. மரையின் கோணம் 55 டிகிரி, என்.பி.டி.க்கு 60 டிகிரி. பொருந்தியது போல் தோன்றிக் கசியும். டெப்லான் டேப்பைச் சுற்றி இறுக்கிக் கொடுத்தால் கடையில் கசியாது. ஆற்றில் குலுங்கும்போது கசியும். பிளாஸ்டிக் உடலானால் வெடித்தும் போகும். எனவே பழைய பிளக்கோ, வாகனமோ எதிரில் இல்லாமல் 'அரை இஞ்சு' என்று வாய்ச்சொல்லை மட்டும் கேட்டுக் கொடுக்கக் கூடாது.

இரண்டாவது, உலோகம். ஜி.ஐ. எண்ட் பிளக் விலை மலிவு; ஆனால் துருப்பிடித்து இறுகிவிடும். பித்தளை நல்லது. என்றாலும் அலுமினிய உடலில் பித்தளையைப் பொருத்தி உப்புநீரில் ஓட்டினால் துவாரத்தைச் சுற்றியுள்ள அலுமினியம் அரித்துப்போகும். அங்கே தயாரிப்பாளர் வைத்த அதே வகையைத்தான் போட வேண்டும்.

மூன்றாவது, ரப்பர். மரையில்லாத துவாரத்திற்குக் கைப்பிடியைத் திருகினால் உப்பி அடைத்துக்கொள்ளும் ரப்பர் தக்கை உண்டு. துவாரத்தின் உள்விட்டத்தை வெர்னியர் வைத்து அளந்தே கொடுக்க வேண்டும். வாகனத்தின் அடியில் ஆயிலும் கிரீஸும் தேங்கும். சாதாரண ரப்பர் அதில் ஊறிப் பருத்துவிடும். நைட்ரைல் ரப்பர் தாங்கும். ஆனால் வெயிலில் வெடிக்கும். ஆகவே கடை வாசலில் தொங்கவிடாமல் பெட்டிக்குள் வைக்க வேண்டும். கையில் எடுத்து மடக்கும்போது வெடிப்புக் கண்டாலோ, கல் போல் இறுகியிருந்தாலோ விற்காமல் ஒதுக்கிவிட வேண்டும். ஓ-ரிங்குக்கும் இதே விதிதான்.

வாங்க வருபவரிடம் இரண்டு செய்திகளைச் சொல்லி அனுப்புவது நம் கடமை. ஒன்று, எப்போதும் ஒரு தக்கை உபரியாக வண்டியில் இருக்கட்டும். சங்கிலியில் கோத்தது கிடைத்தால் இன்னும் நல்லது. மற்றொன்று, புதிதாகப் பொருத்தியதை முழங்கால் ஆழத் தண்ணீரில் சிறிது நேரம் நிறுத்தி, உள்ளே ஈரம் இருக்கிறதா என்று பார்த்த பிறகே ஆழத்தில் இறக்க வேண்டும்.

சரியான அளவு கையிருப்பில் இல்லையென்றால் "இல்லை" என்று சொல்வதே முறை. முடிந்தால் எந்தக் கடையில் கிடைக்கும் என்று வழிகாட்டலாம். "இதை வைத்துச் சமாளியுங்கள்" என்ற சொல் குழாயடிக்குச் சரி. ஆற்று நடுவில் சரிப்படாது. இதில் நமக்குக் கிடைக்கும் லாபம் சில ரூபாய்தான். ஆனால் அந்த வண்டியில் ஏறி உட்காருபவர்கள் கடைக்காரர் கொடுத்த பொருளை நம்பியே உட்காருகிறார்கள். அந்த நம்பிக்கையைக் காப்பதே வணிகருக்கு அழகு.